காசிமேட்டில் பிறந்து மீன் தின்று வளர்ந்தவளுக்குத் தைராய்டு எப்படி வந்தது?

கேள்வி: 19 ஏப்ரல், மதியம்

எனக்கு 34 வயது. காசிமேட்டில் பிறந்து, காசிமேட்டிலேயே வாக்கப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாக ஒரே அசதி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்பதில்லை. ரத்தம் கொடுத்ததில் டி.எஸ்.எச். 18.6 என்று வந்தது, ப்ரீ டி4 குறைவாம். டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்றார். அயோடின் கிடைக்காத மலையூர்க்காரர்களுக்குத்தான் தைராய்டு வரும் என்று பள்ளியில் படித்தோமே? மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. எனக்கு எப்படி வரும்? ரிப்போர்ட் தப்பாக இருக்குமா? முட்டைகோஸை நிறுத்து, தானாகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

19 ஏப்ரல், இரவு

ரிப்போர்ட் தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. டி.எஸ்.எச். என்பது சுரக்கச் சொல்லித் தைராய்டைக் கூப்பிடுகிற ஹார்மோன், டி4 என்பது தைராய்டு சுரக்கிற தைராக்ஸின் ஹார்மோன். டி.எஸ்.எச். ஏறியிருக்கிறது, டி4 இறங்கியிருக்கிறது. இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. நான் ராயபுரம் பக்கம் ஒரு சின்ன லேபில் 22 வருடம் ரத்தம் எடுத்தவள். எனக்கே 2009-இலிருந்து இந்தத் தொல்லை உண்டு. அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பள்ளியில் படித்தது பொய்யில்லை, பாதிக் கதை. தைராய்டு ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். டி4 என்றால் அதில் நான்கு அயோடின் அணுக்கள், டி3 என்றால் மூன்று, பெயரே அவ்வளவுதான். அயோடின் கிடைக்காத இடத்தில் சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலையாகும். இமாச்சலத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். 1962-இல் அரசே அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டது. இன்றைக்குக் கடையில் வாங்குகிற பாக்கெட் உப்பில் அயோடின் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். உங்கள் வீட்டில் அந்த உப்பும் உண்டு, மீனும் உண்டு. அயோடின் குறைந்து வந்ததாக இருக்காது.

அப்புறம் எது? பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை வெளியாள் என்று நினைத்துத் தாக்குவதுதான். 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பான் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், குடும்பத்தில் ஓடும். கடலோரம், மலையோரம் என்று பார்க்காது. தைராய்டைத் தாக்குகிற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற ஆன்டி டி.பி.ஓ. என்ற சோதனை எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு என்பது நிறையப் பேரைக் குழப்புகிறது. லேபில் நான் சொல்கிற உதாரணம் இது. சாயங்காலம் எங்கள் தெருவில் அம்மாக்கள் விளையாடுகிற பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். முதல் குரலுக்கே பிள்ளை வந்துவிட்டால் அதோடு சரி. வராவிட்டால் குரல் ஏறும். இன்னும் வராவிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். டி.எஸ்.எச். அந்த அம்மாவின் குரல். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது, அங்கிருந்துதான் குரல் வருகிறது. சாதாரணமாக 0.4-இலிருந்து 4 வரை இருக்க வேண்டிய குரல் உங்களுக்கு 18.6. பிள்ளை வரவில்லை என்று பொருள்.

முட்டைகோஸ் பாவம். வேகவைத்துச் சாப்பிடுகிற அளவில் அது எதுவும் செய்யாது, அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் கொஞ்சம் கவலை. மாத்திரையைத் தொடங்குங்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலு நாள் ஆகிறது. 61 நாள் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகிற வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள், நாள் மறக்காது.

20 ஏப்ரல், காலை

ஒன்று விட்டுப்போனது. 'தைராய்டு இருக்கு' என்று எல்லோரும் சொல்கிறோம், நானும்தான். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. குரல்வளை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி உருவத்தில் இருக்கும். குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா என்பதுதான் கேள்வி. என் லேபுக்கு வந்த ஒரு அம்மாவுக்குச் சுரப்பு அதிகம், கை நடுக்கம், படபடப்பு, ஆள் இளைத்துக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுக்காரி 'எனக்கும் தைராய்டுதான், இதைப் போடு' என்று தன் மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள். அது சுரப்பு குறைந்தவருக்கான மாத்திரை. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிட்டது. ஆகவே இனிமேல் 'எனக்குத் தைராய்டு குறைவு' என்று முழுசாகச் சொல்லிப் பழகுங்கள்.

24 ஏப்ரல்

மாத்திரையை எப்படிப் போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, இட்லி எல்லாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011-இல் எனக்கு முதுகுவலி என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறக்காமல் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துக் காலையிலேயே போட்டேன், மேலே ஒரு டம்ளர் காபி. டி.எஸ்.எச். 9 ஆயிற்று. டோஸை ஏற்றினார்கள். அடுத்த முறை 11. மறுபடி ஏற்றினார்கள். பார்த்த இடத்தில் யாரும் 'என்னென்ன மாத்திரை போடுகிறாய், எப்போது போடுகிறாய்' என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் குடலிலேயே மாத்திரையில் உள்ள தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் விடாது. நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றியதும் ஏற்றின டோஸ் எனக்கு அதிகமாகிப் படபடப்பு வந்து, பழைய 75-க்கே திரும்பினேன். அந்த ஏழெட்டு மாதம் நான் பட்ட அசதி தேவையே இல்லாதது, இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

காசிமேட்டுத் தங்கச்சிக்கு மாதவிலக்கு அதிகம் என்பதால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் போடுங்கள். மாத்திரை பாட்டில் அடுப்படியில் வேண்டாம், வெக்கையும் ஈரமும் ஆகாது.

25 ஏப்ரல்

முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில இயந்திரங்களில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். நான் வேலையை விடுகிற சமயத்தில்தான் இது எனக்கே தெரிந்தது.

2 மே

'இரண்டு வாரம் ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை, டெஸ்ட் எடுக்கட்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். தடைக்காலக் கணக்கைச் சொன்னேனே தவிர ஏன் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அவ்வளவு மெதுவான சரக்கு. ரத்தத்தில் நிலையான மட்டம் வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் எடுத்தால் பாதி வழியில் இறங்கிப் பார்த்தது போலத்தான்.

'வாழ்நாள் முழுக்க' என்ற சொல்லுக்குப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. எனக்கும் அழுகை வந்த சொல். அப்போது நான் படித்த ஒரு செய்தி என்னைத் தேற்றியது. 1891-இல் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், உடம்பெல்லாம் வீங்கி முடங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் போட்டார். அந்தப் பெண் எழுந்து நடமாடி, இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். உங்கள் மாத்திரையில் இருப்பது உங்கள் சுரப்பி செய்யும் அதே தைராக்ஸின்தான். வெளியாள் மருந்து இல்லை, வீட்டில் தீர்ந்துபோனதைக் கடையில் வாங்குகிறோம்.

3 மே

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்கிறான், 'நாளமில்லாச் சுரப்பி என்றால் என்ன ஆன்ட்டி, மனப்பாடம்தான் செய்திருக்கிறேன்' என்று. நாளம் என்றால் குழாய். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வாய்க்குள் திறக்கிற குழாய் உண்டு, வேர்வைச் சுரப்பிக்குத் தோலில் திறக்கிற வழி உண்டு. தைராய்டுக்கும் பிட்யூட்டரிக்கும் அட்ரீனலுக்கும் அப்படிக் குழாய் கிடையாது, நேரே ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தம் போகிற இடமெல்லாம் போகும். ஆனால் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள ஏற்பி உள்ள செல் மட்டும்தான் அசையும். கணையம் இரண்டு வேலையும் பார்க்கும்: செரிமான நீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும், இன்சுலினை ரத்தத்தில் விடும்.

1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் ஆய்வாளர்கள் ஒரு நாயின் சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அங்கே அமிலத்தை விட்டார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. செய்தி ரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும் என்று புரிந்தது. 1905-இல் ஸ்டார்லிங் அதற்கு ஹார்மோன் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், கிளர்ந்தெழச் செய்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து. பரீட்சைக்கு நல்லா எழுதுப்பா.

11 மே

சர்க்கரையைப் பற்றி எழுதாமல் தைராய்டையே பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று என் அண்ணன் கேட்டார். நியாயம்தான். ராயபுரத்தில் வேலை பார்த்துவிட்டு அதை எழுதாமல் போனால் ஊருக்குச் செய்கிற துரோகம். இந்தியாவின் முதல் சர்க்கரை நோய் மருத்துவப் பிரிவை 1948-இல் நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954-இல் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையை அவர் ராயபுரத்தில் நிறுவினார். வடசென்னை என்றால் வேறு எதையெதையோ பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

அதற்கு முப்பது வருடம் முன்பு வரை, சின்னப் பிள்ளைக்கு இன்சுலின் சுரக்காமல் போனால் சாவுதான். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்ற வேதியியலார் இன்னும் சுத்தம் செய்து கொடுத்த பிறகு, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில்தான் சர்க்கரை இறங்கியது.

என் அம்மா கடைசி ஒன்பது வருடம் இன்சுலின் போட்டார். முதலில் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, மண்பானைக்குள் ஈரத் துணி சுற்றி மருந்துக் குப்பியை வைத்திருந்தோம். மே மாத மின்வெட்டில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தப் பானையைத்தான். ஊசி போட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி மூன்று வருடம் தள்ளிப்போட்டார். கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை, ஊசி இல்லை. அந்த மூன்று வருடத்துக்கு அவர் கொடுத்த விலை வலது காலில் இரண்டு விரல்.

17 மே

மூட்டுவலிக்குப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படியுங்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெரு அத்தை ஒருவர், வயது அறுபதுக்கு மேல். முட்டிவலிக்கு யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டு, ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறினார். அதிசயம் என்று தெருவே பேசியது. ஒரு வருடத்தில் முகம் நிலா மாதிரி உருண்டது, வயிறு பெருத்தது, கை கால் மெலிந்தது, தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. சதை போட்டிருக்கிறார், நல்ல சாப்பாடு என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், லேபில் வேலை பார்த்துக்கொண்டே. ஒரு நாள் பொடி கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். பொடி நின்ற சில நாளில் அத்தைக்கு வாந்தி, மயக்கம், பிரஷர் கீழே. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வியே 'ஸ்டீராய்டு சாப்பிட்டாரா' என்பதுதான்.

இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் குல்லா போட்டது போல அட்ரீனல் உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிப்பகுதி கார்டிசால் என்ற ஸ்டீராய்டைத் தானே செய்கிறது, விடியற்காலையில் அதிகம், ராத்திரியில் குறைவு. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி கூப்பிடுவதை நிறுத்திவிடும். கூப்பிடாத அட்ரீனல் சுருங்கிப்போகும். வெளிச் சரக்கு திடீரென்று நின்றால், எழுந்து வேலை செய்ய உள்ளே ஆள் இல்லை. அதனால்தான் டாக்டர்கள் நாள்பட்ட ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

ஸ்டீராய்டு விஷம் என்று சொல்ல வரவில்லை. 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தைராக்ஸினைப் பிரித்தெடுத்த கெண்டால் என்ற வேதியியலார்தான் பின்னாளில் அட்ரீனல் ஹார்மோன்களிலும் வேலை செய்தார். 1948-இல் ஹென்ச் என்ற மருத்துவர் கார்டிசோன் என்ற அட்ரீனல் ஸ்டீராய்டை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்து நடக்க வைத்தார். 1950-இல் அதே ஹார்மோன்களை ஆராய்ந்த ரைக்ஸ்டைனோடு சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு. பெரிய மருந்து, தெரிந்தவர் கையில் இருக்க வேண்டியது. பெயர் இல்லாத பொட்டலத்தில் இருக்கக் கூடாது.

18 மே

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தன் பிள்ளையின் ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது நுரையீரலுக்கு நேராகப் போகிற சிறு அளவு. இன்று யாராவது பயத்தில் எதையாவது நிறுத்தியிருந்தால், முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

1 ஜூன்

ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். முதல் நாள் நான் எழுதியதைத் திருத்த வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா குரல் ஏறினால் பிள்ளை வரவில்லை என்றேன். குரல் சாதாரணமாக இருந்தால் பிள்ளை வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமாகிவிடுகிறது. அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

லேபுக்கு எதிர்ச் சாரியில் ஓர் ஆயா கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருப்பார். எப்போதும் சோர்வு, வெயிலிலும் முக்காடு, பேச்சு இழுத்து இழுத்து வரும். என் வற்புறுத்தலில் ஒரு முறை டி.எஸ்.எச். மட்டும் எடுத்தோம், காசு குறைவாக ஆகட்டும் என்று. 1.9 வந்தது. 'நார்மல் ஆயா, ஒன்றுமில்லை, நல்லா சாப்பிடு' என்று நானே சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து உப்புச் சத்து இறங்கி, நினைவு தப்பி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டி4 மிகக் குறைவு, கார்டிசாலும் குறைவு. அங்கே இருந்த இளம் டாக்டரம்மா கேட்ட கேள்வி, கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிற்றா, பால் சுரந்ததா என்பது. நாற்பது வருடம் முந்தைய பிரசவம். வீட்டில் நடந்தது, பாயெல்லாம் ரத்தமாம். பால் ஒரு சொட்டு வரவில்லை. அதற்கப்புறம் தீட்டும் வரவே இல்லை. பேய் அடித்தது என்று விட்டுவிட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பருத்திருக்கும், ரத்தம் அதிகம் தேவைப்படும். அந்த நேரத்தில் ரத்தப்போக்கு மிஞ்சினால் பிட்யூட்டரியே பட்டுப்போகும். 1937-இல் ஷீஹன் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். ஆயாவின் தைராய்டில் குறையில்லை, கூப்பிட ஆளில்லை. கூப்பிடுகிறவளுக்குக் குரல் போய்விட்ட தெரு அமைதியாகத்தானே இருக்கும். அந்த அமைதியை நான் நார்மல் என்று படித்தேன். இப்படிப்பட்டவர்களுக்கு டி.எஸ்.எச். நார்மல் எண்ணிலேயே நிற்கலாம், டி4-ஐச் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மருந்திலும் வரிசை உண்டு: முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

ஆயா பிழைத்தார். திரும்பி வந்து அதே இடத்தில் கூடை வைத்தார். முக்காடு இல்லை. என் மேல் கோபமும் இல்லை, நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தார். அன்றிலிருந்து வேலையை விடும் வரை டி.எஸ்.எச். மட்டும் கேட்டு அசதியோடு வந்த பெண்களிடம் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, ப்ரீ டி4-ஐயும் டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

2 ஜூன்

பயந்துவிட்டீர்களா தங்கச்சி? உங்கள் விஷயம் இது இல்லை. உங்களுக்குக் குரல் ஓங்கி இருக்கிறது, பிட்யூட்டரி தன் வேலையைச் செய்கிறது.

15 ஜூன்

காலையில் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டி.எஸ்.எச். 6.2, ப்ரீ டி4 நார்மல் எல்லைக்குள் வந்துவிட்டது. 'எட்டு வாரம் மாத்திரை போட்டும் சரியாகவில்லையே' என்று எழுதியிருக்கிறீர்கள். 18.6-இலிருந்து 6.2, கூச்சல் அதட்டலாகக் குறைந்திருக்கிறது. டாக்டர் 75 ஆக்கியது இயல்பான அடுத்த படி. ஆடிப் பெருக்கு தாண்டி ஒரு வாரத்தில் மறுபடி எடுங்கள். முடி கொட்டுவது நிற்க இன்னும் சில மாதம் ஆகும், எண்ணெயை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் போயிருக்கும். மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது இந்த நோயைத் தடுக்கவும் இல்லை, வரவழைக்கவும் இல்லை.

கடைசி வரியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, தங்கை இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு சுமார் 12 வாரத்துக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதுவரை மூளை வளரத் தேவையான தைராக்ஸினை அம்மாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவுக்குத் தைராய்டு குறைவு என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நார்மல் அளவு வேறு, ரிப்போர்ட் தாளில் அச்சிட்ட எண்ணை வைத்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வந்ததும் டி.எஸ்.எச்., ப்ரீ டி4 இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்.